ஏழுசுத்துக் கோட்டைக்குச் சாட்சி

போன மாதம் எங்கள் அலுவலகத்தில், மனசுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி முப்பது பேரைச் சென்னையிலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு அழைத்துப் போனார்கள். கள்ளக்குறிச்சியைத் தாண்டி வண்டி மலைப் பக்கம் திரும்பியதுமே நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் வாந்தி வருகிறதா என்று கேட்டுப் பாலித்தீன் பையை நீட்டினாள். சொந்த ஊருக்குப் பக்கமாகவே சுற்றுலா போகிறவள் வாயை மூடிக்கொள்வதற்கு வேறு காரணம் உண்டு என்று அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

தங்கிய விடுதியின் பின்பக்கம் புல்வெளி. அதில் வெள்ளைக் கூழாங்கற்களை வட்டத்துக்குள் வட்டமாகப் பதித்து ஒரு பாதை போட்டிருந்தார்கள். காலையில் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி அதன் வாயிலில் வரிசையாக நிறுத்தினார் பயிற்சி கொடுக்கும் அம்மா. மெதுவாக நடக்க வேண்டும், பேசக்கூடாது, மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றார். இதில் முட்டுச்சந்து கிடையாது, உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் ஒன்றே, ஆகவே இதில் யாரும் தப்பே செய்ய முடியாது என்று சிரித்தபடி சொன்னார். என் முறை வந்தபோது ஒதுங்கிப் பின்னால் நின்றவருக்கு வழி விட்டேன். "முதல் தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த மாதிரியான கல்வட்டத்தைப் பற்றி நான் சொன்ன பொய்களில் கடைசி அது. முதல் பொய்யை ஒன்பது வயதில் சொன்னேன்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை முழுவதும் தெரியும். ஏரிக்கரையை ஒட்டிக் களம் போலப் பரந்து கிடக்கும் பாறை ஒன்று உண்டு. அதன்மேல் தேங்காய் அளவிலும் பூசணி அளவிலும் கற்களை ஏழு சுற்றாக யாரோ எந்தக் காலத்திலோ அடுக்கி வைத்திருந்தார்கள். ஊரில் அதற்கு ஏழுசுத்துக் கோட்டை என்று பெயர். கோட்டை என்றால் மதில் என் கணுக்கால் உயரம். ஆடு தாண்டும், கோழி தாண்டும், மனிதர்கள் மட்டும் தாண்டக்கூடாது. வேண்டுதல் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் ஏரியில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு, வெறும் வயிற்றோடு, வாயைத் திறக்காமல் அதற்குள் நடக்க வேண்டும். நடுவில் உள்ள நட்ட கல்லுக்கு ஒரு பூவை வைத்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். அப்படி ஏழு வெள்ளி.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாதை குறும்பு பிடித்தது. முதல் வளைவிலேயே நடுக்கல்லுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்விடும். கையை நீட்டினால் தொடலாம் போலிருக்கும்போது வெளிச்சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். இனி எங்கே என்று சலித்துப்போகிற நேரத்தில் சட்டென்று நடுவில் நிறுத்திவிடும். இத்தனை வளைவிலும் கால் ஒரு கல்லிலும் படக்கூடாது. பட்டால் அதுவரை நடந்த வெள்ளியெல்லாம் வீண். மறுபடி முதல் வெள்ளியிலிருந்து தொடங்க வேண்டும்.

நடக்கிறவர் குனிந்து காலைப் பார்க்கவும் கூடாது. எதிரே பார்த்து நடக்க வேண்டும். அப்படியானால் கால் பட்டதா என்று யார் சொல்வது? அதற்குத்தான் சாட்சி. வயசுக்கு வராத ஒரு சிறுமி, நடக்கிறவரின் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நல்லது, பாறையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொய் பழகாத வாய் என்று நம்பினார்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுவே தீர்ப்பு. பெரியவர்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. எங்கள் ஊரில் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சை வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஒரே இடம் அதுதான்.

என் அத்தைக்கு நான் சாட்சி.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்து மூன்றாவது வருஷம், ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை இல்லை. ஆடி அழைப்பெல்லாம் கல்யாணமான முதல் வருஷத்தோடு முடிந்துவிடும், இவள் ஏன் மூன்றாம் வருஷமும் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று பக்கத்து வீடுகளில் கேட்டார்கள். வந்த அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் அவளும் அப்பாவும் வெகுநேரம் பேசினார்கள். அத்தை பேசியது எனக்குக் கேட்கவில்லை. அப்பா குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். "பொறந்த வூட்ல வந்து உக்காந்துக்கினா ஊரு இன்னா பேசும்? கொஞ்சம் அனுசரிச்சிப் போம்மா," என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். அதற்கு அடுத்த வாரம் அவளே ஏழுசுத்து நடக்கப் போவதாகச் சொன்னாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்பா கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அத்தைக்குத் தலைவலி என்றால் இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாத்திரைக்கு ஓடுவார். ஊர் வாய் ஒன்றுக்குத்தான் பயப்படுவார். அந்தப் பயத்துக்கு மாத்திரை இல்லை.

அந்த வேண்டுதலில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஏழு வெள்ளியும் முடிகிறவரை நடக்கிறவள் புருஷன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. ஆகவே அத்தை எங்களோடு தங்கினாள்.

எனக்குக் கொண்டாட்டம். அத்தைக்கு இடது கை சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். கரும்புக்கட்டு இறக்கும்போது மாட்டிக்கொண்டது என்பாள். அந்த விரலைக் கொக்கியாக நினைத்து என் சுண்டுவிரலை அதில் மாட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வெள்ளியும் ஏரிக்குப் போவேன். மற்றவர்களுக்கெல்லாம் நேரான விரல் இருக்க, என் அத்தைக்கு மட்டும் பிடித்துக்கொள்ள வாட்டமான விரல் என்று பள்ளியில் பெருமை அடித்திருக்கிறேன்.

அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும். மற்ற பெண்கள் கரையேற அவசரப்படுகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்க் கஞ்சி குடிக்க வேண்டாமா? அத்தை ஒரு காலை எடுத்து வைத்து, அதன் முழுப் பாரமும் பாறையில் இறங்கிய பிறகுதான் மறுகாலை எடுப்பாள். ஈரப் புடவையிலிருந்து சொட்டும் தண்ணீர் பாதையில் கோடு போட்டுக்கொண்டே வரும். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவளை யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏதாவது விசேஷம் உண்டா, வைத்தியம் பார்த்தாயா, மாமியார் எப்படி, எப்போது போகப் போகிறாய். அந்தப் பாறையில் மட்டும் யாரும் எதுவும் கேட்க முடியாது, கேட்டாலும் அவள் பதில் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது நாலாவது சுற்றில் அவள் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப்போகும். நெற்றி விரியும். நடுக்கல்லுக்கு முன்னால் பூவை வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். நான் கரையில் மேய்கிற ஆடுகளை எண்ணி முடித்துவிட்டு, குட்டிகளைத் தனியாக எண்ணத் தொடங்குவேன். பசிக்கும். சீக்கிரம் வரமாட்டாளா என்று இருக்கும்.

ஐந்து வெள்ளி சுத்தமாக முடிந்தது. ஆறாவது வெள்ளியில் திரும்பி வரும்போது அவள் கட்டைவிரல் ஒரு கல்லில் இடித்தது. நான் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார், பட்டது என்று சொன்னேன். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தை கஞ்சி குடித்தாள். அன்றைக்கு அவள் இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தது எனக்கு நினைவிருக்கிறது.

மறுபடி முதல் வெள்ளி. இந்தமுறை ஐந்தாவதில் குதிகால் பட்டது. நான் உண்மையைச் சொன்னேன். மறுபடி முதல் வெள்ளி. அந்தத் தடவை ஆறாவதில். அது ஐப்பசி மழைக்காலம், பாறை வழுக்கியிருக்கும் என்று அம்மா சமாதானம் சொன்னாள். இடையில் தீபாவளிக்குத் தியாகதுருகத்திலிருந்து மாமா வந்து போனார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், நல்ல உயரம், எனக்கு ஒரு பை நிறைய மத்தாப்பும் தூள் பக்கோடாவும் வாங்கி வந்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அத்தை அன்று பூராவும் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. விரதத்தில் இருக்கிறவள் புருஷன் முகத்தைப் பார்க்கக்கூடாது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் பாடத்தில் நான் வகுப்பில் முதல். ஆனாலும் ஒரு கால் ஏன் முதல் வெள்ளியிலோ இரண்டாவதிலோ படாமல் ஐந்தோ ஆறோ முடிந்த பிறகே படுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். அத்தைக்குப் பாப்பா பிறக்காமல் இருப்பதற்கு நான்தான் காரணம். கால் படுவது அவள் தலையெழுத்து, அதைப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வாய். ஊரில் என்னைப் பார்க்கிற பெண்கள், "இவதான் சாட்சி," என்று சொல்லிவிட்டு உச்சுக்கொட்டினார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் ஆடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் போனேன். யாரும் இல்லை. கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். வெளிச்சுற்றை நாலு முழம் வெளியே தள்ளி, அடுத்த சுற்றை அதைவிடக் கொஞ்சம் குறைவாக, அதற்கடுத்ததை இன்னும் குறைவாக. ஒரு முழுப் பகல் வேலை. விரல் நகம் இரண்டு பெயர்ந்தது. முடிந்தபோது எருமை மாடு ஒன்று படுத்துப் புரண்டு எழுந்து போகிற அளவுக்குப் பாதை அகலமாகியிருந்தது. கல்லைத் தொட்டால் குற்றம் என்பது நடக்கிறவருக்குத்தானே, சாட்சிக்கு இல்லையே என்று சாமியிடம் வாதாடிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளி அத்தை பாதையின் வாயிலில் வந்து நின்றவள் அப்படியே நின்றாள். கற்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் பெயர்ந்த நகத்தையும் பார்த்தாள். முழுகி எழுந்த பிறகு பேசக்கூடாது என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. என் கன்னத்தில் ஈரக் கையை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நன்றியில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே என்மேல் அத்தனை பெருமை.

கற்கள் நகர்ந்திருந்ததை ஆடு மாடு செய்த வேலை என்று ஊரில் விட்டுவிட்டார்கள். வாரங்கள் போயின. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து தாண்டியது. ஆறாவது வெள்ளிக்குத் தியாகதுருகத்திலிருந்து அத்தையின் மாமியார் வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் எப்படிக் கால் படுகிறது என்று நேரிலேயே பார்த்துவிட வந்தாராம். பாறை ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அத்தை அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் நடந்து முடித்தாள். கால் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் அப்பாவிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "அடுத்த வாரம் மட்டும் தவறிச்சுன்னா, நாங்க எங்க பையனுக்கு வேற பொண்ணு பாத்துக்கறோம். உங்க பொண்ண நீங்களே வச்சிக்கோங்க."

அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கேடு வர முடியாது என்று அந்த வயதிலேயே எங்களுக்கு யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்திருந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொம்பை விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அன்று நான் சரியாகப் பார்த்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஏழாவது வெள்ளி மார்கழியில் வந்தது. பனி. மலை தெரியவில்லை. நானும் அத்தையும் மட்டும்தான். அவள் முழுகிவிட்டு வந்து நடக்கத் தொடங்கினாள். உள்ளே போகும்போது ஒரு பிசகும் இல்லை. நடுக்கல்லுக்குப் பூ வைத்தாள். அன்று அங்கே நின்ற நேரத்தில் பனி விலகி, மலையின் உச்சி தெரிந்து, வெயிலும் வந்துவிட்டது. அவள் புடவை காய்ந்தே போயிருக்கும். பிறகு திரும்பி நடந்தாள். ஏழாவது சுற்று, ஆறாவது, ஐந்தாவது. நான் ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றின் கடைசி வளைவு. இன்னும் ஏழெட்டு அடி வைத்தால் வெளியே வந்துவிடுவாள்.

அங்கே நின்றாள். நேராக எதிரே பார்த்துக்கொண்டே வலது காலைத் தூக்கி, அகலமான அந்தப் பாதையை விட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த ஒரு கருங்கல்லின்மேல் வைத்தாள். விரல் இடித்துக்கொள்வது போல இல்லை. படியில் கால் வைப்பது போல முழுப் பாதத்தையும் வைத்தாள். வைத்துவிட்டு எடுத்து, மீதி அடிகளை நடந்து வெளியே வந்தாள்.

பசியில் தலைசுற்றிவிட்டது, பாவம், அவளுக்கே தெரியவில்லை என்று நான் முடிவு செய்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "இன்னா பாப்பா, பட்டுச்சா?"

"படல. கொஞ்சங்கூட படலப்பா."

அப்பா கையைக் கூப்பி மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தை என் கையிலிருந்து விரலை விடுவித்துக்கொண்டாள்.

"இல்லண்ணா," என்றாள். "கடசி சுத்துல பட்டாப்லதான் இருந்துச்சு. பாப்பா சரியா பாத்திருக்காது."

"வெறும் வயித்துல நடக்கறவளுக்கு அப்டிதாம்மா தோணும். கொழந்த பொய் சொல்லுமா?"

அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். அத்தை ஐந்து மாதமாக வீட்டோடு இருப்பதைப் பற்றி முணுமுணுக்கிறவள்தான் அவள். அன்றைக்கு அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எதுக்கும் இன்னொரு வாட்டி நடந்துரட்டுமேங்க," என்றாள். "இப்ப இன்னா அவசரம்?"

அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டார். அவர்கள் வீட்டில் வேறு பெண் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், சாட்சி சரியாகச் சொல்லியும் இன்னொரு தடவை நடப்பதாவது, இது என்ன விளையாட்டா என்று கேட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்குமோ என்னவோ.

மார்கழியில் பெண்ணை அனுப்பக்கூடாது என்பதால் தை பிறக்கட்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷமே ஐப்பசியில் அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏழுசுத்துக் கோட்டைக்குப் பேர் பரவிவிட்டது. அதைவிட எனக்குப் பரவிற்று. ராசியான சாட்சி என்று வெளியூர்ப் பெண்களெல்லாம் என்னைத் தேடி வந்து பாறைக்கு அழைத்துப் போனார்கள். வயசுக்கு வருகிறவரை நான் நின்றேன். யாருக்கும் கால் பட்டது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. குழந்தை பிறந்துவிட்டால் இனி அத்தைக்கு என்ன குறை என்று எல்லாரும் நினைத்தார்கள். குழந்தை பிறந்துவிட்டதால் இனி அவள் எங்கேயும் போக முடியாது என்று நினைத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் தியாகதுருகத்துக்குப் போயிருந்தேன். அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இடது கையில் இப்போது சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலும் வளைந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கரும்புக்கட்டு என்றாள். பத்து வயதுப் பையன் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல், "இல்ல. அப்பாதான்," என்றான். பேனாவுக்கு மை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான். அத்தை அவன் தலையில் லேசாகத் தட்டிவிட்டு முறுக்கு எடுக்க உள்ளே போனாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அந்தச் சின்னக் கணக்கு எனக்கு விளங்கியது. முதல் வெள்ளியில் கால் பட்டால் ஒரு வாரம்தான் மிச்சமாகும். ஆறாவதில் பட்டால் ஆறு வாரம். அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்டுக் கிடைக்காத இடத்தை, ஆறு ஆறு வாரமாக அவள் அந்தக் கற்களிடம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் மாமியாரே வாயைத் திறந்து ஒரு கதவைக் காட்டிவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை கால் பட்டால் போதும், உங்கள் பொண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவை மூடியவள் நான். கள்ளக்குறிச்சியில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் வந்து எழுப்பினார்.

மாமா இப்போது அடிப்பதில்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவருக்குச் சோறு ஊட்டுவதும் அத்தைதான். போனில் பேசினால் என் உடம்பைப் பற்றியும் பெருமாள் கோயில் கூட்டத்தைப் பற்றியும் பேசுவாள். நானும் பேசுவேன். ஒன்றை மட்டும் நாங்கள் பேசியதில்லை.

கரியாலூரில் அன்று கடைசியாக நடந்தவள் நான். அந்தப் பயிற்சி அம்மா சொன்னது உண்மைதான், வெள்ளைக் கூழாங்கல்லில் என் கால் நாலைந்து தடவை பட்டது, ஒன்றும் ஆகவில்லை. அப்படியே நடந்துபோகச் சொல்லித் தலையாட்டினார். நடுவில் போய் நின்றபோது, கீழே பள்ளத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரி எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு நினைவுக்கு வந்தது பாறை அல்ல, பஸ் நிறுத்தம்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் அத்தையை அழைத்துப்போக மாமாவும் மாமியாரும் வந்திருந்தார்கள். நானும் அப்பாவும் பஸ் ஏற்றிவிடப் போனோம். எனக்குப் புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்திருந்தார்கள், உண்மை சொன்னதற்காக. பஸ் வந்து நின்றது. மாமாவும் மாமியாரும் ஏறி இடம் பிடித்துவிட்டார்கள். அப்பா வரிசைப் பானையையும் கரும்பையும் பின்வாசல் வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தை ஏறவில்லை. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வளைந்த சுண்டுவிரலை என் விரலில் அவளாகவே மாட்டினாள். அதற்கு முன்னால் எப்போதும் நான்தான் மாட்டுவேன்.

"பாப்பா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அன்னிக்கி என் காலு கல்லு மேல பட்டுச்சு. நீ பாத்த இல்ல?"

அன்று அவளுக்கு வெறும் சந்தேகம் என்று நினைத்திருந்தேன், நிச்சயமாகவே தெரிந்திருக்கிறது. பாவம், இத்தனை நாளும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். அப்பா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். சாட்சி நான். ஆமாம், பட்டது என்று நான் சொன்னால் அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் பேச முடியாது. அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காதருகே போய் நானும் ரகசியமாகவே சொன்னேன். "பாத்தேன் அத்த. நீ பயப்படாத. நான் யாருகிட்டயும் சொல்லவே மாட்டேன்."

நடத்துநர் விசில் அடித்தார். அத்தை விரலை விடுவித்துக்கொண்டாள். பிறகு என் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, படியில் கால் வைத்து ஏறினாள். பஸ் வளைவு திரும்புகிறவரை நான் கையாட்டிக்கொண்டு நின்றேன். அத்தைக்குக் கொடுத்த வாக்கை எப்பாடுபட்டாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாகிறது. இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.